முளையிலேயே கிள்ளப்படும் வைரஸ் தொற்று: முன்பே உருவான டி செல்களின் பங்கைப் புரிந்துகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

2020 மார்ச்சில் கொரோனாவின் முதல் அலை லண்டனைத் தாக்கியபோது, அங்குள்ள மருத்துவமனைகளின் ஊழியர்கள் சில நூறு பேர் ஓர் ஆய்வில் சேர்ந்து, வாரந்தோறும் மூக்குச்சளி மாதிரியும் இரத்த மாதிரியும் கொடுத்துவந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்குப் பி.சி.ஆர். பரிசோதனை ஒருமுறைகூடத் தொற்றைக் காட்டவில்லை, ஆன்டிபாடியும் உருவாகவில்லை. வழக்கமான கணக்கின்படி அவர்கள் தொற்றே ஏற்படாதவர்கள். ஆயினும் அந்த வைரஸை அடையாளம் காணும் டி செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்கள் அவர்களுடைய இரத்தத்தில் இருந்தன. அவை பெருந்தொற்றுக்கு முன்பே சேமித்து வைக்கப்பட்டிருந்த மாதிரிகளில் காணப்பட்டதைவிட வலுவாகவும், வைரஸின் பல பகுதிகளைக் குறிவைப்பவையாகவும் இருந்தன. வைரஸ் அவர்களுடைய உடலுக்குள் நுழைந்தது, ஆனால் பரிசோதனையின் கண்ணில் படும் அளவுக்குப் பெருகுவதற்குள் ஒழிக்கப்பட்டுவிட்டது என்பதே லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் லியோ ஸ்வாட்லிங், மாலா மைனி ஆகியோரின் குழு 2021 நவம்பரில் முன்வைத்த விளக்கம்.

இந்த விளக்கம் எந்த அளவுக்கு உறுதியானது, அதன் பின்னால் உள்ள உயிரியல் என்ன, இதே போன்ற செய்திகளை இனிமேல் படிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்பவற்றைப் படிப்படியாக விளக்குவதே இந்த வழிகாட்டியின் நோக்கம். பள்ளி அளவிலான உயிரியல் அறிவு போதுமானது. படிகளை வரிசையாகப் படிப்பது நல்லது. குறிப்பாக மூன்றாவது படியைத் தாண்டிச் சென்றால் நான்காவது படி புரியாது.

படி 1: "தொற்று வந்தது", "வரவில்லை" என்ற இரண்டே பெட்டிகளைக் கைவிடுங்கள்

வைரஸ் ஒருவரை நெருங்கும்போது நடக்கக்கூடியவை இரண்டல்ல, பல. அது சளிப்படலத்தைத் தாண்டாமலேயே வெளியேற்றப்படலாம். இதில் தொற்று என்று சொல்ல எதுவுமில்லை. சில செல்களுக்குள் நுழைந்து, பெருகத் தொடங்கி, ஓரிரு நாட்களில் அடங்கிவிடலாம். அப்போது பரிசோதனை தொற்று இல்லை என்றே சொல்லக்கூடும், அல்லது ஒருமுறை மட்டும் மங்கலாகத் தொற்றைக் காட்டிவிட்டு மறுநாள் இல்லை என்று சொல்லலாம். வைரஸ் நன்றாகப் பெருகியும் அறிகுறி எதுவும் தோன்றாமல் போகலாம். கடைசியாக, அறிகுறிகளோடு கூடிய நோய் வரலாம்.

இவற்றில் இரண்டாவது வகையைத்தான் நாம் இங்கே முறிந்த தொற்று என்று அழைக்கப்போகிறோம். அறிகுறியற்ற தொற்றும் முறிந்த தொற்றும் ஒன்றல்ல. அறிகுறியற்றவரின் மூக்கில் வைரஸ் ஏராளமாக இருக்கலாம், அவர் பிறருக்கும் பரப்பலாம். முறிந்த தொற்றில் வைரஸ் அந்த நிலையை எட்டுவதே இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுதப்பட்ட செய்திகள் ஏராளம். ஒரு கட்டுரை எந்த வகையைப் பற்றிப் பேசுகிறது என்பதை அதன் முதல் பத்தியிலேயே தேடிப் பார்க்கும் பழக்கம் பெரிதும் உதவும்.

படி 2: முன்பே காத்திருக்கும் செல்கள் எவை என்று தெரிந்துகொள்ளுங்கள்

நோயெதிர்ப்பு மண்டலத்தை உள்ளார்ந்த எதிர்ப்பு, தகவமைப்பு எதிர்ப்பு என இரண்டாகப் பிரிப்பது வழக்கம். உள்ளார்ந்த எதிர்ப்பில் இயற்கைக் கொல்லி செல்கள், மோனோசைட்டுகள் போன்றவை அடங்கும். அவை குறிப்பிட்ட ஒரு வைரஸை அறிந்தவை அல்ல, ஆனால் விரைவானவை. தகவமைப்பு எதிர்ப்பில் பி செல்களும் டி செல்களும் வருகின்றன. பி செல்கள் ஆன்டிபாடிகளை உருவாக்குகின்றன. செல்லுக்கு வெளியே மிதக்கும் வைரஸோடு அந்த ஆன்டிபாடிகள் ஒட்டிக்கொண்டு, அது உள்ளே நுழைவதைத் தடுக்கின்றன.

டி செல்களின் வேலை வேறு. அவற்றால் செல்லுக்குள் மறைந்திருக்கும் வைரஸை நேரடியாகப் பார்க்க முடியாது. ஆனால் நம் உடலின் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லும் தனக்குள் தயாராகும் புரதங்களைத் துண்டு துண்டாக நறுக்கி, அத்துண்டுகளை எச்.எல்.ஏ. என்னும் மூலக்கூறுகளின் மேல் ஏற்றித் தன் மேற்பரப்பில் காட்சிக்கு வைக்கிறது. கொல்லி டி செல்கள் எனப்படும் சி.டி.8 வகை, பெரும்பாலும் 8 முதல் 11 அமினோ அமிலங்கள் நீளமுள்ள துண்டுகளைப் பரிசோதிக்கிறது. துண்டு வைரஸுக்குரியது என்று கண்டால், அந்தச் செல்லில் துளையிட்டு, கிரான்சைம் என்னும் நொதிகளைச் செலுத்தி அதை அழிக்கிறது. உதவி டி செல்கள் எனப்படும் சி.டி.4 வகை, சற்று நீளமான துண்டுகளைப் படித்துப் பிற செல்களுக்கு ஆணையும் ஊக்கமும் தருகிறது.

ஆகவே ஒன்றை இப்போதே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்: டி செல்கள் வைரஸ் நுழைவதைத் தடுப்பதில்லை. குறைந்தது ஒரு செல்லாவது பாதிக்கப்பட்ட பிறகே அவற்றுக்கு வேலை. டி செல்களால் தொற்றே வராது என்று யாரேனும் எழுதினால், அவர் இந்த அடிப்படையைத் தவறவிட்டிருக்கிறார்.

முன்பு ஏதோ ஒரு வைரஸோடு போராடி முடித்த டி செல்களில் சிறு பகுதி, நினைவு செல்களாக நீண்ட காலம் தங்குகிறது. எவ்வளவு காலம் என்பதற்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு நல்ல சான்று உண்டு. 2003-இல் சார்ஸ் நோயிலிருந்து மீண்டவர்களை ஆண்டோனியோ பெர்டோலெட்டியின் குழு 2020-இல் பரிசோதித்தபோது, 17 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த வைரஸின் மரபணு இழையைப் பொதிந்து வைத்திருக்கும் நியூக்ளியோகேப்சிட் புரதத்தை அடையாளம் காணும் டி செல்கள் அவர்களிடம் இருந்தன. அவை புதிய கொரோனா வைரஸின் அதே புரதத்துக்கும் வினைபுரிந்தன.

நினைவு செல்களில் ஒரு வகை இரத்தத்தில் சுற்றுவதில்லை. மூக்கு, மூச்சுக்குழாய், நுரையீரல் போன்ற திசுக்களிலேயே நிலைகொள்கிறது. இவற்றைத் திசுவாழ் நினைவு செல்கள் என்கிறோம். முறிந்த தொற்றைப் பற்றிய பேச்சில் இவைதாம் முதன்மையான பாத்திரங்களாக இருக்க வேண்டும் என்று கருதக் காரணம் உண்டு. ஆனால் மனிதர்களின் மூக்குத் திசுவை அடிக்கடி எடுப்பது கடினம் என்பதால், நம்மிடம் உள்ள சான்றுகளில் பெரும்பகுதி இரத்தத்தைப் பற்றியதே.

படி 3: கடிகாரத்தைப் பாருங்கள்

முழு விஷயத்தின் அச்சாணி நேரம். கொரோனா வைரஸ் ஒரு செல்லுக்குள் நுழைந்த பிறகு, சுமார் 10 மணி நேரத்தில் அடுத்த தலைமுறை வைரஸ்கள் வெளியேறத் தொடங்கிவிடுகின்றன. நுழைந்தவை சில வைரஸ்களே என்றாலும், சில சுழற்சிகளில் எண்ணிக்கை எகிறிவிடும்.

மறுபுறம், இதுவரை அந்த வைரஸைச் சந்தித்திராத ஒருவரிடம், அதன் ஒரு குறிப்பிட்ட துண்டை அடையாளம் காணக்கூடிய அனுபவமற்ற டி செல்கள் ஒரு லட்சத்தில் ஒன்று அல்லது பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். திசுக்களில் காவல் காக்கும் டென்ட்ரிடிக் செல்கள் வைரஸின் துண்டுகளைச் சுமந்துகொண்டு நிணநீர் முடிச்சுக்குச் செல்ல வேண்டும். அங்கே அந்த அபூர்வமான டி செல்லைச் சந்திக்க வேண்டும். அது பல முறை பிளந்து பெருக வேண்டும். பின்னர் அந்தப் படை தொற்று நடக்கும் இடத்துக்குப் பயணப்பட வேண்டும். இவை அனைத்துக்கும் ஏறத்தாழ ஒரு வாரம் பிடிக்கிறது. நினைவு செல்களோ எண்ணிக்கையிலும் கூடுதல், தூண்டப்படத் தேவைப்படும் சமிக்ஞையும் குறைவு; ஓரிரு நாட்களில் களத்தில் இறங்கிவிடும். திசுவிலேயே குடியிருப்பவை என்றால் மணிக்கணக்கில்.

இந்த ஓட்டப்போட்டியை ஏறக்குறைய நேரில் பார்க்கும் வாய்ப்பு பிரிட்டனில் நடந்த மனிதச் சவால் ஆய்வில் கிடைத்தது. 18 முதல் 30 வயதுக்குள் இருந்த, உடல்நலமுள்ள 36 தன்னார்வலர்களின் மூக்கில் மிகக் குறைந்த அளவு கொரோனா வைரஸைச் சொட்டுச் சொட்டாக இட்டார்கள். ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட 34 பேரில் 18 பேருக்கு மட்டுமே நிலையான தொற்று ஏற்பட்டது. அவர்களுக்குப் பெரும்பாலும் 2 முதல் 4 நாட்களில் அறிகுறிகள் தொடங்கின, வைரஸின் அளவு சுமார் 5-ஆம் நாளில் உச்சத்தைத் தொட்டது. ஒரே வைரஸ், ஒரே அளவு, ஒரே முறை. இருந்தும் பாதிப் பேரிடம் அது வேரூன்றவில்லை.

இதே முறையில் வைரஸ் இடப்பட்ட 16 பேரின் செல்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்த ஆய்வு 2024-இல் வெளியானது. 6 பேருக்கு நிலையான தொற்று, 3 பேருக்குச் சிறிது நேரமே தலைகாட்டிய தொற்று, 7 பேருக்கு முறிந்த தொற்று என அவர்கள் பிரிக்கப்பட்டார்கள். (முதல் படியில் முறிந்த தொற்று என்று நாம் ஒன்றாகச் சேர்த்ததை இந்த ஆய்வு இரண்டாகப் பிரிக்கிறது.) தலைகாட்டி மறைந்த தொற்றில், நோயெதிர்ப்புச் செல்கள் முதல் நாளிலேயே மூக்கில் குவிந்தன. நிலையான தொற்றிலோ 5-ஆம் நாள் அளவில்தான் வந்து சேர்ந்தன. இந்த நான்கு நாள் வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொண்டால், "முன்பே இருந்த செல்கள்" என்ற சொல்லுக்கு ஏன் இவ்வளவு எடை தரப்படுகிறது என்பது தானாகவே விளங்கும்.

படி 4: ஏன் பாலிமரேஸ் புரதம்?

ஸ்வாட்லிங் குழுவின் ஆய்வில் எனக்கு மிகவும் சுவையாகப் படும் பகுதி இதுதான். தொற்று உறுதியான ஊழியர்களின் டி செல்கள், வைரஸின் கட்டமைப்புப் புரதங்களான ஸ்பைக், நியூக்ளியோகேப்சிட் போன்றவற்றை அதிகம் குறிவைத்தன. தொற்று காட்டாத ஊழியர்களிடமோ, பெருக்கத்துக்குத் தேவையான புரதக் கூட்டணியை, அதாவது ஆர்.என்.ஏ. பாலிமரேஸையும் அதன் துணைப் புரதங்களையும், குறிவைக்கும் டி செல்கள் மேலோங்கியிருந்தன. என்.எஸ்.பி.7, என்.எஸ்.பி.12, என்.எஸ்.பி.13 என்பவை அந்தக் கூட்டணியின் உறுப்பினர்கள். இவற்றில் 12 என்பதே வைரஸின் ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்கும் பாலிமரேஸ்.

இது தற்செயலாக இருக்க வாய்ப்பில்லை என்று நினைக்கத் தூண்டும் காரணங்கள் இரண்டு. முதலாவது, வைரஸின் வேலை வரிசை. கொரோனா வைரஸின் மரபணுத்தொகுதி சுமார் 30,000 எழுத்துகள் நீளமுள்ள ஓர் ஆர்.என்.ஏ. இழை. செல்லுக்குள் நுழைந்ததும் அந்த இழையின் முதல் மூன்றில் இரண்டு பகுதி உடனடியாகப் புரதமாக மொழிபெயர்க்கப்படுகிறது. பெருக்கத்துக்கான புரதங்கள் அனைத்தும் அந்தப் பகுதியில்தான் உள்ளன. ஸ்பைக், நியூக்ளியோகேப்சிட் முதலியவை அதற்குப் பின்னரே, தனித்தனிச் சிறு ஆர்.என்.ஏ.க்களிலிருந்து உருவாகின்றன. ஆகவே பாலிமரேஸின் துண்டை அடையாளம் காணும் டி செல், புதிய வைரஸ்கள் கட்டி முடிக்கப்படுவதற்கு முன்பே பாதிக்கப்பட்ட செல்லை இனங்கண்டு அழிக்க முடியும். ஸ்பைக் துண்டுக்காகக் காத்திருக்கும் டி செல்லுக்கு அந்த முன்னிலை இல்லை.

இரண்டாவது காரணம், பாலிமரேஸ் எளிதில் மாறுவதில்லை. அதன் வடிவம் சற்றே பிசகினாலும் வைரஸால் தன்னைப் படியெடுக்க முடியாது. எனவே பல்வேறு கொரோனா வைரஸ்களில் அது பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கிறது. ஸ்பைக் புரதமோ ஆன்டிபாடிகளின் அழுத்தத்தால் மாறிக்கொண்டே இருப்பது. ஒமைக்ரான் திரிபு தோன்றியபோது அதன் ஸ்பைக்கில் மட்டும் 30-க்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருந்தன.

படி 5: அந்த நினைவு எங்கிருந்து வந்தது?

மனிதர்களிடம் ஆண்டாண்டுகாலமாகச் சளிக்காய்ச்சலை உண்டாக்கிவரும் கொரோனா வைரஸ்கள் நான்கு: ஓ.சி.43, எச்.கே.யு.1, 229ஈ, என்.எல்.63. வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் இவற்றைப் பலமுறை சந்தித்தவர்கள். அமெரிக்காவின் லா ஹோயா நிறுவனத்தில் அலெஸ்ஸாண்ட்ரோ செட்டே, ஷேன் குரோட்டி ஆகியோரின் குழு, 2015 முதல் 2018 வரை சேகரித்து வைத்திருந்த இரத்த மாதிரிகளை 2020-இல் பரிசோதித்தபோது, அவற்றில் சுமார் 40 முதல் 60 விழுக்காடு வரை புதிய கொரோனா வைரஸுக்கு வினைபுரியும் சி.டி.4 டி செல்களைக் கொண்டிருந்தன. வைரஸ் உலகில் தோன்றுவதற்கு முன்பே எடுக்கப்பட்ட இரத்தம் அது. அந்தச் செல்களில் சில, சளிக்காய்ச்சல் வைரஸ்களின் ஒத்த துண்டுகளுக்கும் வினைபுரிகின்றன என்று அதே நிறுவனத்தின் அடுத்த ஆய்வு காட்டியது.

இதைக் குறுக்கு வினை என்கிறோம். டி செல்லின் ஏற்பி ஒரே ஒரு துண்டுக்கு மட்டும் பொருந்துவதில்லை. அமினோ அமிலங்களில் ஓரிரண்டு மாறியிருந்தாலும் ஏற்றுக்கொள்ளும் தாராளம் அதற்கு உண்டு. 2023-இல் கலிபோர்னியாவிலிருந்து வெளியான ஓர் ஆய்வு இதை மிகத் துல்லியமாகக் காட்டியது. எச்.எல்.ஏ.-பி*15:01 என்னும் மரபணு வகை உள்ளவர்கள் அறிகுறியின்றித் தொற்றைக் கடக்கும் வாய்ப்பு, மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த வகையைப் பெற்றவர்களிடம் எட்டு மடங்குக்கும் அதிகம். இந்த மூலக்கூறு ஏந்திக் காட்டும் ஒன்பது அமினோ அமிலத் துண்டு, புதிய வைரஸுக்கும் ஓ.சி.43, எச்.கே.யு.1 ஆகியவற்றுக்கும் இடையே ஒரே ஓர் அமினோ அமிலத்தில் மட்டுமே வேறுபடுகிறது. பழைய துண்டுக்கு உருவான டி செல்கள் புதிய துண்டையும் ஏற்றத்தாழ்வின்றி அடையாளம் கண்டன.

கவனியுங்கள்: இந்தத் துண்டு ஸ்பைக் புரதத்தைச் சேர்ந்தது, ஆய்வு அளந்தது அறிகுறியின்மையை. முதல் படியில் பிரித்த பெட்டிகளில் இது மூன்றாவது பெட்டி. பாலிமரேஸ் கதைக்கு இதை நேரடிச் சான்றாகக் காட்டக் கூடாது. குறுக்கு வினை என்பது பயனுள்ளதாக இருக்க முடியும் என்பதற்கு மட்டுமே இது சான்று.

படி 6: சான்றின் எடையை அளவிடுங்கள்

இங்கே நிதானம் வேண்டும். முறிந்த தொற்றை நிரூபிப்பது ஏன் கடினம் என்றால், எதுவும் தென்படவில்லை என்பதே அதன் இலக்கணம். லண்டன் ஆய்வாளர்கள் இந்தச் சிக்கலை எப்படிக் கையாண்டார்கள் என்பதை நெருங்கிப் பார்க்கலாம்.

அவர்கள் தேர்ந்த 58 பேரிடம் பி.சி.ஆர்., ஆன்டிபாடி பிணைப்பு, வைரஸை முடக்கும் திறன் ஆகிய மூன்று சோதனைகளும் மீண்டும் மீண்டும் எதிர்மறையாகவே வந்தன. பின்னர் அவர்களின் செல்களை, வைரஸ் புரதங்களைச் சிறு துண்டுகளாக்கிச் செய்த கலவைகளோடு சேர்த்து வைத்தார்கள். எலிஸ்பாட் என்னும் இந்தச் சோதனையில், துண்டை அடையாளம் காணும் ஒவ்வொரு டி செல்லும் காமா இன்டர்பெரான் என்னும் சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கிறது. அது தட்டின் அடியில் பூசப்பட்ட ஆன்டிபாடியில் சிக்கி, சாயம் ஏற்றியதும் ஒரு சிறு புள்ளியாகத் தெரிகிறது. புள்ளிகளை எண்ணினால் எத்தனை செல்கள் வினைபுரிந்தன என்று தெரிந்துவிடும். பெருந்தொற்றுக்கு முந்தைய மாதிரிகளைவிட இவர்களிடம் புள்ளிகள் அதிகம். ஆனால் இது மட்டும் போதாது. இவர்களிடம் இயல்பாகவே அதிகம் இருந்திருக்கலாமே என்று கேட்கலாம்.

அதனால்தான் அவர்கள் இன்னும் இரண்டு தடயங்களைத் தேடினார்கள். ஊழியர்கள் ஆய்வில் சேர்ந்தபோது கொடுத்த இரத்தமும் பின்னர் கொடுத்த இரத்தமும் ஒப்பிடப்பட்டபோது, தொடக்கத்திலேயே இருந்த பாலிமரேஸ் டி செல்கள் இடைப்பட்ட வாரங்களில் பெருகியிருப்பது சிலரிடம் தெரிந்தது. மேலும், ஐ.எஃப்.ஐ.27 என்னும் மரபணுவின் செயல்பாடு, பெருக்கப் புரதங்களைக் குறிவைக்கும் டி செல்கள் வலுவாக இருந்தவர்களிடம் உயர்ந்திருந்தது. வைரஸ் நுழைந்ததும் செல்கள் வெளியிடும் இன்டர்பெரான் புரதங்களால் தூண்டப்படும் இந்த மரபணு, கொரோனா தொற்றின் தொடக்கத்தில் இரத்தத்தில் விரைவாக உயர்வது. அந்த உயர்வு, உடல் ஏதோ ஒரு வைரஸைச் சந்தித்தது என்பதற்கான கைரேகை.

"ஏதோ ஒரு வைரஸ்" என்று எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. ஐ.எஃப்.ஐ.27 பிற சுவாச வைரஸ்களாலும் உயரும். முதல் அலையின்போது, அந்த மருத்துவமனைகளில், அந்த வாரங்களில் அது கொரோனாவாக இருந்திருக்கும் என்பது மிகவும் ஏற்கத்தக்க ஊகம், ஆனால் ஊகம்தான். மூன்று தடயங்களும் ஒரே திசையைக் காட்டுவதால் வாதம் வலுவாகிறது என்பது என் கணிப்பு. ஒவ்வொன்றையும் தனியே எடுத்தால் எதுவும் தீர்ப்புச் சொல்லப் போதாது.

வேறொரு குழுவின் ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. இம்பீரியல் கல்லூரியில் அஜித் லால்வானியின் குழு, கொரோனா உறுதியானவர்களோடு ஒரே வீட்டில் வசித்த 52 பேரை, வெளிப்பாடு நேர்ந்த சில நாட்களுக்குள் பரிசோதித்தது. 26 பேருக்குத் தொற்று வந்தது, 26 பேருக்கு வரவில்லை. வராதவர்களிடம் குறுக்கு வினை டி செல்கள், குறிப்பாக நியூக்ளியோகேப்சிட்டைக் குறிவைப்பவை, அதிகமாக இருந்தன. ஸ்பைக்கைக் குறிவைப்பவற்றில் அத்தகைய வேறுபாடு இல்லை. இந்த ஆய்வின் பலம், முடிவு தெரிவதற்கு முன்பே, தொடக்க நாட்களிலேயே செல்கள் அளக்கப்பட்டது. அதன் பலவீனம் எண்ணிக்கை. 52 பேர் என்பது சிறிய குழு.

கொரோனாவுக்கு அப்பாலும் பார்க்க வேண்டும். 1983-இல் ஆண்ட்ரூ மெக்மைக்கேலும் சகாக்களும் 63 தன்னார்வலர்களின் மூக்கில் இன்ஃபுளூயன்சா வைரஸை இட்டபோது, அதற்கு ஏற்ற ஆன்டிபாடி இல்லாதவர்களிலும், கொல்லி டி செல்களின் வினை தென்பட்டவர்கள் வைரஸைத் திறம்பட வெளியேற்றினார்கள். 2009-இல் எச்1என்1 பெருந்தொற்று வந்தபோது, லால்வானியின் குழு பின்தொடர்ந்த 342 பேரில், வைரஸின் மாறாத உட்புரதங்களைக் குறிவைக்கும் சி.டி.8 செல்கள் முன்பே அதிகம் இருந்தவர்களுக்கு நோய் மிதமாகவே வந்தது. எச்.ஐ.வி. ஆய்வுகள் இன்னொரு கோணத்தைத் தருகின்றன. 1990-களில் காம்பியாவிலும் நைரோபியிலும், பலமுறை வைரஸுக்கு ஆளாகியும் தொற்று உறுதியாகாத பாலியல் தொழிலாளர்களிடம் எச்.ஐ.வி.யைக் குறிவைக்கும் கொல்லி டி செல்கள் காணப்பட்டன. அவர்களுள் நைரோபியைச் சேர்ந்த சிலருக்குப் பின்னாளில் தொற்று ஏற்பட்டது. தொழிலிலிருந்து சிறிது காலம் விலகியிருந்தவர்களிடம் இது அதிகம் நேர்ந்தது. தொடர்ந்த தூண்டுதல் இல்லாதபோது அந்தப் பாதுகாப்பு தேய்ந்துவிட்டது என்பதே இதற்குத் தரப்பட்ட விளக்கம். காத்திருக்கும் செல்கள் என்றென்றும் அதே எண்ணிக்கையில் காத்திருப்பதில்லை.

படி 7: மாற்று விளக்கங்களையும் மேசையில் வையுங்கள்

தொற்று வேரூன்றாமல் போனதற்கு டி செல்கள் மட்டுமே காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. உள்ளே சென்ற வைரஸின் அளவு குறைவாக இருந்திருக்கலாம். இரத்தத்தில் தென்படாத ஆன்டிபாடிகள் மூக்கின் சளிப்படலத்தில் இருந்திருக்கலாம். வேறொரு வைரஸால் மூக்கில் இன்டர்பெரான் ஏற்கெனவே தூண்டப்பட்டிருக்கலாம். சாதாரணச் சளியை உண்டாக்கும் ரைனோ வைரஸ் தாக்கிய சுவாசப்பாதைச் செல்களில் அடுத்து வரும் வைரஸ் பெருகத் திணறுவதை ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள்.

மனிதச் சவால் ஆய்வும் இந்தப் பக்கமே சாய்கிறது. அதில் முறிந்த தொற்றுக்கு ஆளானவர்களிடம் தென்பட்ட மாற்றங்கள், மெய்ட் செல்கள் எனப்படும் உள்ளார்ந்த தன்மை மிகுந்த டி செல்களிலும் மோனோசைட்டுகளிலும்தான் முக்கியமாக இருந்தன. வைரஸ் இடப்படுவதற்கு முன்பே எச்.எல்.ஏ.-டி.க்யூ.ஏ.2 என்னும் மரபணு சில செல்களில் அதிகம் இயங்கியதும், நிலையான தொற்று ஏற்படாமையும் ஒன்றோடொன்று தொடர்புடையவையாகத் தெரிந்தன. ஆக, முன்பே இருந்த செல்கள் என்ற தொகுப்பில் நினைவு டி செல்கள் ஒரு பகுதிதான். லண்டன் ஊழியர்கள் ஆய்வும் சவால் ஆய்வும் ஒன்றையொன்று மறுப்பவை என்று நான் கருதவில்லை. முன்னது வாரக்கணக்கில் தொடர்ந்து வைரஸுக்கு நடுவில் பணிபுரிந்தவர்களைப் பற்றியது, பின்னது ஒரே ஒருமுறை மிகச் சிறிய அளவு வைரஸை ஏற்ற இளைஞர்களைப் பற்றியது.

படி 8: பழைய நினைவு எப்போது உதவாது என்பதையும் கேளுங்கள்

குறுக்கு வினை எல்லாமே நன்மை தருவதில்லை. ஏற்பி துண்டோடு தளர்வாகப் பிணைந்தால், டி செல் பெருகும், ஆனால் திறம்படச் செயல்படாது. கடுமையான கொரோனா நோயாளிகளிடம் இத்தகைய பிணைப்புத் தளர்ந்த சி.டி.4 செல்கள் அதிகம் இருந்ததை ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வு 2020-இல் சுட்டிக்காட்டியது. இதற்கு எதிர்த்திசையில், பெர்லினில் 2021-இல் வெளியான ஆய்வு, ஸ்பைக்கின் ஒரு மாறாத பகுதியைக் குறிவைக்கும் குறுக்கு வினை செல்கள் தொற்றிலும் தடுப்பூசியிலும் நல்ல வினையைத் தூண்டியதாகவும், வயது ஏற ஏற அவை குறைந்ததாகவும் கண்டது. இரண்டும் உண்மையாக இருக்க முடியும். எந்தத் துண்டு, எவ்வளவு இறுக்கமான பிணைப்பு, எந்த வயது என்பவை முடிவைத் தீர்மானிக்கின்றன.

படி 9: தடுப்பூசிக்கும் தனிப்பட்ட முடிவுகளுக்கும் இது என்ன சொல்கிறது?

முதலில் தனிப்பட்ட முடிவு. தமக்கு முன்பே டி செல்கள் இருக்கின்றன, ஆகவே தடுப்பூசி வேண்டாம் என்ற வாதத்தை இந்த ஆய்வுகள் எவ்விதத்திலும் ஆதரிக்கவில்லை. ஒருவரிடம் பாலிமரேஸைக் குறிவைக்கும் டி செல்கள் எத்தனை உள்ளன என்பதை அளந்து, அடுத்த தொற்றிலிருந்து அவர் தப்புவாரா என்று கூறக்கூடிய மருத்துவச் சோதனை நடைமுறையில் இல்லை. மக்கள்தொகையில் பாதிப் பேரிடம் ஏதோ ஒரு குறுக்கு வினை இருந்த நிலையிலேயேதான் பெருந்தொற்று உலகெங்கும் இலட்சக்கணக்கானோரின் உயிரைப் பறித்தது. நோயெதிர்ப்பைக் கூட்டுவதாக விற்கப்படும் மாத்திரைகளோ பொடிகளோ, குறிப்பிட்ட ஒரு வைரஸ் துண்டை அடையாளம் காணும் நினைவு செல்லை உருவாக்க முடியாது. அதற்கு அந்தத் துண்டை, தொற்றின் வழியாகவோ தடுப்பூசியின் வழியாகவோ, உடல் சந்தித்தாக வேண்டும்.

தடுப்பூசியைப் பொறுத்தவரை கேள்வி கூர்மையானது. பெருந்தொற்றின்போது பரவலாகப் பயன்பட்ட எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளும் அடினோ வைரஸ் வகைத் தடுப்பூசிகளும் ஸ்பைக் புரதத்தை மட்டுமே உடலுக்கு அறிமுகப்படுத்தின. கடும் நோயையும் மரணத்தையும் தடுப்பதில் அவை பெருவெற்றி பெற்றன. செயலிழக்கச் செய்த முழு வைரஸைக் கொண்ட கோவேக்சின் போன்றவை நியூக்ளியோகேப்சிட் முதலிய பிற கட்டமைப்புப் புரதங்களையும் சேர்த்தே தருகின்றன. ஆனால் பாலிமரேஸ் வைரஸ் துகளுக்குள் இடம்பெறுவதில்லை. அது செல்லுக்குள் நுழைந்த பிறகே தயாராவது. எனவே முழு வைரஸ் தடுப்பூசியாலும் அதற்கான டி செல்களைப் பயிற்றுவிக்க முடியாது. அந்தப் புரதத்தின் மாறாத பகுதிகளைத் தனியே தேர்ந்து, ஸ்பைக்கோடு சேர்த்துத் தர வேண்டும் என்ற யோசனை இங்கிருந்துதான் பிறக்கிறது.

அப்படி ஒரு தடுப்பூசியைப் பற்றிய செய்தி வரும்போது, கேட்க வேண்டிய கேள்விகள் இந்த வழிகாட்டியின் படிகளிலிருந்தே கிடைக்கின்றன. அது தூண்டும் டி செல்கள் இரத்தத்தில் மட்டும் உள்ளனவா, மூக்கின் திசுவிலும் குடியேறுகின்றனவா? கையில் ஊசியாகப் போடப்படும் தடுப்பூசி, சளிப்படலத்தில் திசுவாழ் செல்களை உருவாக்குவதில் பொதுவாகப் பின்தங்கியே இருக்கிறது. மூக்கில் தெளிக்கும் வகை இதற்காகவே ஆராயப்படுகிறது. ஆய்வு அளந்தது எதை: தொற்று வேரூன்றாமையையா, அறிகுறியின்மையையா, மருத்துவமனையில் சேர்வதிலிருந்து தப்பியதையா? திசுவாழ் செல்கள் நுரையீரலில் மாதக்கணக்கில் தேய்ந்துபோவது எலிகளில் காணப்பட்டிருப்பதால், தடுப்பூசி போட்டு எத்தனை மாதங்களுக்குப் பிறகு அளவீடு எடுக்கப்பட்டது என்பதையும் அந்தச் செய்தியில் தேடிப் பாருங்கள். மூன்றாவது வாரத்தில் எடுத்த அளவீட்டை வைத்து ஓராண்டுக்கான பாதுகாப்பைக் கணிக்க இயலாது.